கொடுவா என்ன தின்றது?

நான் வாங்கி வந்த பாரையை வெட்டத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வயிற்றுப் பக்கம் விரல் பட்டவுடன் குழைந்து பிரிந்தது. நடுமுள்ளை ஒட்டி வால் வரைக்கும் இரத்தம் கறுத்த சிவப்பில் கட்டியாக உறைந்திருந்தது. முள்ளும் ஓரிடத்தில் முறிந்திருந்தது. கண் தெளிவாகவும், எங்கள் வீட்டில் பூ என்று சொல்லும் செவுள் நல்ல சிவப்பாகவும் இருந்தபடியால், அது முதல்தரமான மீன் என்று நம்பியே நான் வாங்கியிருந்தேன். "இது வெடி மீன் பிள்ளை. பழுதாகேல்ல, ஆனா அடுப்பில வைச்சா கூழாப் போகும்" என்றார். மீன் புதியதா என்று பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது. அது எப்படிச் செத்தது என்று பார்க்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

டைனமைட் வெடிக்கும்போது நீருக்குள் எழும் அதிர்வு மீனின் காற்றுப்பையைக் கிழித்து, முள்ளை முறித்து, உள்ளேயே இரத்தத்தைக் கசிய விடுகிறது. மேலே மிதப்பதை மட்டும் அள்ளிக்கொண்டு படகு போய்விடும்; அடியில் தாழ்ந்துபோன மீனும், எவருக்கும் உதவாத குஞ்சுகளும், நொறுங்கிய பவளப்பாறையும் கணக்கில் வருவதில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. இருந்தும் வெடி மீன் ஏதோ ஒரு வழியாகச் சந்தைக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்ததை என்னைப் போன்ற ஒருவர் பூவைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு வாங்கிச் செல்கிறார்.

அதற்குப் பிறகுதான் மீன்காரரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினேன். நான் வழமையாக வாங்கும் மீன்காரர், முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கிண்ணியாவிலிருந்து வருகிறவர். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் மீன் எந்தப் பக்கத்திலிருந்து எந்த வலையில் வந்தது என்பதை அவர் அறிவார், கேட்டால் மறைக்கவும் மாட்டார். தூண்டிலில் பிடித்த விளைமீனும் அறுக்குளாவும் விலை கூடியவைதான். ஆனால் தூண்டிலில் ஒரு மீன் வந்தால் ஒரு மீன்தான் வருகிறது. அதனோடு நூறு குஞ்சுகள் சேர்ந்து வருவதில்லை. கரைவலையைப் பற்றி எனக்குச் சிறு வயது முதலே ஒரு பாசம் உண்டு. நிலாவெளிக் கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இழுப்பவர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. ஆயினும் வலையின் பைபோன்ற மடி கரைக்கு வந்தவுடன் அதற்குள் விரல் நீளக் குஞ்சுகள் துடிப்பதையும் அதே கண்களால்தான் பார்த்திருக்கிறேன். பழைய முறை என்பதற்காக அதைத் தூய முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பருவத்தைப் பார்த்து வாங்குவது இதைவிட எளிது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக நவம்பர் முதல் ஜனவரி வரை, எங்கள் கரையில் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் அதிகம் இறங்குவதில்லை. அந்த மாதங்களிலும் கடல் மீனையே தேடி அலைவதை விட்டு, கருவாட்டுக்கும் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் குளத்து மீனுக்கும் மாறிக்கொண்டோம். அப்பா இரண்டு வாரம் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார்.

நண்டின் விடயத்தில் குற்றவாளி நானேதான். சினை நண்டு என்றால் எனக்கு உயிர். நீலக்கால் நண்டின் வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் முட்டைகள் முதலில் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் இருந்து, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கச் சாம்பலும் கறுப்புமாக மாறும். ஒரு பெண் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. நான் குழம்பில் வழித்துச் சாப்பிட்டது அதைத்தான் என்று தெரிந்த பிறகும் அந்த ருசியை மறக்கச் சில மாதங்கள் பிடித்தன. சிங்க இறாலுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது: பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் ஆகிய மாதங்களில் அதைப் பிடிக்கக் கூடாது, முட்டையோடு இருப்பதை எந்த மாதத்திலும் தொடக் கூடாது. அந்த மாதங்களில் உணவகத்துக்குப் போனால் அதைக் கேட்காமல் இருப்பதற்குப் பெரிய தியாக மனப்பான்மை எதுவும் தேவையில்லை.

சுறாவை உதிர்த்து ஆக்கும் சுறா வறை இதைவிடச் சங்கடமானது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று ஆக்கிக் கொடுக்கும் சாப்பாட்டை, தங்கைக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சுறா மற்ற மீன்களைப் போல் முட்டைகளை அள்ளி இறைப்பதில்லை; ஒரு தடவையில் சில குட்டிகளையே ஈனுகிறது, வளரவும் நாளெடுக்கிறது. உடம்பளவு நீண்ட வாலையுடைய சுறாவைப் பிடிப்பதை இலங்கை 2012இல் தடை செய்ததும் இதனால்தான். எங்கள் வீட்டில் தங்கைக்கு ஒரு முறை மட்டும் சுறா வறை ஆக்கினோம். மற்ற நாட்களில் முருங்கையிலை வறையும் உள்ளியும் அதன் இடத்தைப் பிடித்தன. குழந்தை நன்றாகவே வளர்கிறது.

இத்தனைக்கும் பிறகு, வளர்ப்பு மீனை வாங்கிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நான் சில காலம் எண்ணியிருந்தேன். அப்போது என் மனதில் இருந்தது கொடுவா. அது கடலிலும், களப்பு என்று நாங்கள் சொல்லும் உப்பங்கழியிலும், ஆற்றிலும் வாழக்கூடிய மீன். முகத்துவாரத்தை அண்டி முட்டையிட்டு, குஞ்சாகக் கண்டல் எனும் சதுப்பு மரங்களின் வேர்களுக்கிடையே வளர்கிறது. முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிறது. உப்பு நீர், நன்னீர் இரண்டையும் தாங்குவதால் கூண்டில் வளர்க்க ஏற்றது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் மோதா என்ற சிங்களப் பெயரில் கேட்டு வாங்குகிறார்கள்.

களப்பில் கூண்டு வைத்திருக்கும் உறவினர் ஒருவரோடு ஒரு காலை வேளையில் தோணியில் போய்ப் பார்த்தேன். வெற்றுப் பீப்பாய்களின் மேல் சட்டம் கட்டி, அதிலிருந்து வலையை நீருக்குள் பெட்டிபோல் தொங்கவிட்டிருந்தார்கள். வலைக் கண்களில் பாசியும் சிப்பியும் படர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே நீரோட்டம் நின்று மீனுக்கு மூச்சுத் திணறும் என்பதால், வலையை அடிக்கடி மாற்றிக் கரையில் காயப்போட்டு அடிக்க வேண்டியிருக்கிறது. பெரியதையும் சிறியதையும் பிரித்து வெவ்வேறு கூண்டுகளில் விடாவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். வாயில் தன் இனத்தின் வாலோடு மிதந்த குஞ்சொன்றை அவர் வலைக்கரண்டியால் எடுத்துக் காட்டினார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அதுவும் செத்திருந்தது.

பிறகு தீவனம் போடும் நேரம் வந்தது. தோணியின் அடியிலிருந்த கூடையைத் திறந்தார். அதற்குள் இருந்தது சூடை என்ற சிறுமீன்.

நான் வாய் திறக்கவில்லை, ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கொடுவா இரை பிடித்துத் தின்னும் மீன். பச்சை மீனை வெட்டிப் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ கொடுவாவுக்கு நான்கு முதல் எட்டுக் கிலோ வரை சிறுமீன் தேவைப்படுகிறது. அதாவது ஒரு விடுதி மேசையில் வைக்கும் ஒரு கிலோவுக்காக, பல வீடுகளின் மத்தியானக் கறியாகியிருக்கக்கூடிய சூடையும் காரலும் கூண்டுக்குள் போகின்றன. தின்னாமல் விட்ட துண்டுகள் கூண்டுக்கடியில் படிந்து அழுகுவது வேறு. ஆலைத் தீவனம் இதைவிட மேலானது. நன்றாகக் கவனித்தால் இரண்டு கிலோவுக்குள் ஒரு கிலோ மீன் கிடைத்துவிடும், மிதப்பதால் மீன் தின்னுவதை நிறுத்தியதும் போடுவதையும் நிறுத்தலாம். ஆனால் அந்தத் தீவனத்திலும் மீன்தூள் இருக்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். இரண்டு கிலோ தீவனத்தில் கால் பங்கு மீன்தூள் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ மீன்தூள், அதற்கு இரண்டு கிலோவுக்கு மேல் மீன். கூண்டுக்குள் வளர்ந்தாலும் கடலில்தான் சாப்பிடுகிறது.

உறவினர் மீது எனக்குக் கோபம் இல்லை. தீவன மூட்டையின் விலை ஏறும்போது, கரையில் மலிவாகக் கிடைக்கும் சூடையைத்தான் யாரும் தேடுவார்கள். அவர் களப்புக் கண்டலில் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புத்தளம், சிலாபம் பக்கத்தில் நடந்தது அப்படியன்று: கண்டலை அழித்து நெருக்கமாக இறால் குளங்கள் வெட்டி, ஒரு பண்ணையின் கழிவு நீரையே அடுத்த பண்ணை உள்ளே இழுத்த நிலையில், 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அது குளத்துக்குக் குளம் தாவியது. கைவிடப்பட்ட குளங்கள் நெல்லுக்கும் உதவாமல் கண்டலுக்கும் உதவாமல் உப்பேறிக் கிடந்தன. பிற்காலத்தில் எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்று முறை வைத்து, ஒரே நேரத்தில் எல்லாரும் நீரைக் கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது வளர்ப்பு மீன் என்றால் நான் முதலில் பார்ப்பது அது எதைத் தின்னும் இனம் என்பதைத்தான். பாலைமீன் பெரும்பாலும் பாசியைத் தின்று வளர்கிறது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் குளத்தில் கிடைப்பதைக் கொண்டே பெருகிவிடும். கிண்ணியாப் பக்கத்து மட்டிக்கு எவரும் தீவனம் போடுவதேயில்லை. நீரை வடிகட்டித் தின்று தானே பிழைக்கிறது. மண் போக மூன்று தண்ணீரில் அலசும் பொறுமை மட்டும் நமக்கு வேண்டும். திலாப்பியாவைக் குளத்து மீன் என்று ஒதுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. புளியும் மிளகும் சற்றுக் கூட்டி ஆக்கினால் அந்த மண் வாசனை தெரியாது.

சென்ற சனிக்கிழமை நானாவிடம் பளபளவென்று கொடுவா இருந்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. அளவைப் பார்த்தவுடனேயே கூண்டு மீன் என்று புரிந்துவிட்டது. என்ன தின்னக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதே டீச்சர்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு பண்ணைக்காரருக்கு அழைப்பெடுத்தார். இரண்டு நிமிடம் பேசினார். "மூட்டை இருந்தா மூட்டையாம், முடிஞ்சா சூடையாம்."

கொடுவாவுக்குப் பக்கத்திலேயே கூறு கட்டிய சூடை இருந்தது. ஒரு கூறு வாங்கினேன். கொறுக்காய்ப் புளி போட்டு அம்மா அதைக் குழம்பு வைத்தார். மிஞ்சியதை இரவு பொரித்து, முள்ளோடு சாப்பிட்டோம்.