36 வருஷ பாட்டிலும் ஒரு மணி நேரமும்

ஹோட்டல் டைனிங்ல ஒயின் பார்த்துக்கிற வேலை, சொமலியேன்னு சொல்வாங்களே, அதுல எனக்கு 14 வருஷத்துக்கு மேல ஆச்சு. எத்தனை பாட்டில் திறந்திருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா மனசுல அப்படியே நிக்கிறது ரெண்டு பாட்டில் தான். ரெண்டும் வயசான ரெட் ஒயின், ஒன்னு நான் கெடுத்தது, இன்னொன்னு எனக்கு ருசி பார்க்க கத்துக்கொடுத்தது.

கெடுத்ததை முதல்ல சொல்லிடறேன். 2010ல, வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம், ஒரு கெஸ்ட் 1978 பர்கண்டி ஒன்னு, பிரான்ஸ்ல பர்கண்டி பகுதியில அந்த வருஷம் விளைஞ்ச திராட்சையில பண்ணின ரெட் ஒயின், கேட்டிருந்தார். ரெட் ஒயின்னா காத்து படணும், அப்பதான் வாசனை விரியும்னு படிச்சதை அப்படியே நம்பி ரெண்டு மணி நேரம் முன்னாடியே டிகேன்டர்ல, அதான் வாய் திறந்த கண்ணாடி ஜாடியில, ஊத்தி வச்சிட்டேன். இளசான, துவர்ப்பு தூக்கலா இருக்கற ஒயினுக்கு அது சரிதான், ஆனா பினோ நுவார் மாதிரி மெல்லிசான திராட்சையில பண்ணின 32 வயசு ஒயினுக்கு அவ்வளவு காத்து தாங்காது. ஊத்தும்போது ரோஜா காய்ஞ்ச மாதிரி ஒரு வாசனை வந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, மேசைக்கு போறப்ப வெறும் புளிப்பு தான் மிச்சம். அவர் ஒரு மடக்கு குடிச்சிட்டு ஒன்னும் சொல்லாம கிளாஸை கொஞ்சம் தள்ளி வச்சார். அன்னைக்கு ராத்திரி என் சீனியர் என்னை திட்டல, "தம்பி, பழசை திறந்தா உடனே ஊத்து, ஊத்திட்டு பக்கத்துலயே இரு"ன்னு மட்டும் சொன்னார்.

ரெண்டாவது பாட்டில் 2022ல. ஒரு பெரியவர், தன்கிட்ட ரொம்ப நாளா இருந்த 1986 போர்தோ ஒன்னை எடுத்துட்டு வந்தார், போர்தோவும் பிரான்ஸ்ல ஒரு ஒயின் பகுதி தான், இது அங்க ஆத்தோட இடது கரை ஒயின், கேபர்னே சாவின்யோன் திராட்சை தான் அதிகம். 1986 அங்க டேனின், அதான் ஒயினுக்கு துவர்ப்பு கொடுக்கற பொருள், ரொம்ப கடுசா வந்த வருஷம், அந்த ஒயின்கள் பக்குவமாக ரொம்ப காலம் எடுத்துக்கிட்டதுன்னு இந்த தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும். ஒரு நாள் முன்னாடியே பாட்டிலை கொடுக்க சொல்லி நிமிர்த்தி வச்சேன், அப்பதான் வண்டல் எல்லாம் அடியில இறங்கும். கார்க் ஊறி மெத்துன்னு இருந்துச்சு, திருகு போட்டா பொடிஞ்சிடும், அதனால ரெண்டு தகடு இருக்கற ஓப்பனரை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாத்தி மாத்தி இறக்கி, மெதுவா சுத்தி எடுத்தேன். முழுசா வந்துச்சு. வண்டலை பிரிக்கறதுக்கு மட்டும் கழுத்துக்கு கீழ வெளிச்சம் வச்சு பார்த்துக்கிட்டே டிகேன்டர்ல ஊத்தி, அந்த நிமிஷமே கிளாசுக்கு மாத்திட்டேன்.

நீங்களும் ஒரு கிளாஸ் எடுத்துக்கங்க, தனியா குடிக்க பிடிக்கலன்னார்.

கிளாஸை சாய்ச்சு பார்த்தா நடுவுல மாணிக்க சிவப்பு, ஓரத்துல செங்கல் நிறம். இளசுல ஊதா கலந்து இருக்கும், வருஷம் போகப் போக நிறத்தை கொடுக்கற பொருளும் டேனினும் ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு பெருசாகி கொஞ்சம் கொஞ்சமா வண்டலா கீழ இறங்கிடும், அதான் நிறமும் மாறுது துவர்ப்பும் தணியுது. வாசனை பார்த்தேன், பூட்டி வச்ச அறை, ஈர இலை, காளான். வாயில வச்சா தண்ணியா ஓடுச்சு. 8:40, முடிஞ்சு போச்சுன்னு நோட்டுல எழுதிட்டேன்.

இந்த இடத்துல ஒன்னு சொல்லணும். கார்க் கெட்டுப்போன ஒயின்லயும் இப்படி பூஞ்சை அடிச்ச வாசனை வரும், அதுக்கு காரணமான பொருள் ஒரு லிட்டர்ல சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு தெரிஞ்சிடும், ஆனா அது நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி, நேரம் ஆக ஆக போகாது, பழ வாசனையை அமுக்கிடும். பாட்டில்ல அடைஞ்சு கிடந்த வாசனை அப்படி இல்ல, காத்துல கலைஞ்சிடும். எதுன்னு தெரிஞ்சுக்க காத்திருக்கறதை தவிர எனக்கு வேற வழி தெரியல.

காத்திருந்தோம். 8:52க்கு பூட்டின அறை வாசனை காணோம், அப்ப சீவின பென்சில் வாசனை தெளிவா வந்துச்சு. ஒன்பது தாண்டினதும் தேவதாரு மரம், புகையிலை, அதுக்கு அடியில காய்ஞ்ச கருப்பு திராட்சை. நான் எழுதறதை நிறுத்திட்டேன்னு நினைக்கறேன், ஏன்னா அடுத்த குறிப்பு 9:15க்கு தான் இருக்கு. அப்ப தண்ணியா ஓடின ஒயின் வாயோட நடுவுல வந்து உக்காந்துச்சு, சக்கரை இல்லாத ஒரு இனிப்பு, துவர்ப்பு நாக்கை இழுக்கவே இல்ல, ஈறு ஓரத்துல மட்டும் மெல்லிசான பவுடர் மாதிரி. முழுங்கின பிறகும் அது போக மனசில்லாம அங்கேயே இருந்துச்சு.

புதுசா வர்ற பசங்களுக்கு டேனினை விளக்கறது எனக்கு எப்பவும் சுலபம், துவர்ப்புன்னு நம்மகிட்ட அறுசுவையில ஒரு பேரே இருக்கு. ஆனா துவர்ப்பு பழுத்து இப்படி ஆகும்ங்கறதுக்கு பேர் இல்ல, அன்னைக்கு தேடி பார்த்தேன் கிடைக்கல. பழம், பூ, மசாலான்னு பத்து பேரை அடுக்கி எழுதற குறிப்பு மேல எனக்கு நம்பிக்கை போனதும் அன்னையில இருந்து தான், வயசான ஒயினுக்கு எத்தனை மணிக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதறது தான் நேர்மைன்னு தோணுது, இப்பவும் அப்படித்தான் எழுதறேன்.

9:40க்கு இறங்க ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல திராட்சை போச்சு, அப்புறம் பென்சில், கடைசியில ஒரு இரும்பு வாசனையும் புளிப்பும். இந்த தடவை எனக்கு வருத்தமே இல்ல, கூடவே இருந்து பார்த்தாச்சு.

கிளம்பும்போது பெரியவர் அந்த நோட்டுப் பக்கத்தை கேட்டார். கிழிச்சு கொடுக்கறதுக்கு முன்னாடி, முதல் வரியை அடிச்சிடட்டுமா சார்னு கேட்டேன். "வேண்டாம், அதுவும் இருக்கட்டும்"னு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.