பூஞ்சணம், பைண்டர் கம், ஒரு பழைய கரார்ட்: எட்டு மாத ரெக்கோட் பைத்தியம்

போன ஒக்டோபரில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கார்புரேட்டர் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கார்புரேட்டர் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையொன்றின் வாசலில், துருப்பிடித்த ஃபேன் மோட்டார்களுக்கு அடியில் கரார்ட் எஸ்பி25 என்ற ஒரு ரெக்கோட் பிளேயர் கிடந்தது. தட்டு சுற்றவில்லை, ஊசி இல்லை, மூடியும் இல்லை. பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டியில் முப்பத்திரண்டு ரெக்கோட்கள். “ரெண்டையும் சேத்து எடுங்க தம்பி, தனித்தனியா குடுக்கிறதில்ல” என்றார் கடைக்கார நானா. ஆறாயிரம் சொன்னார், நாலரைக்கு முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “இது பாடுமோ?” என்பது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

கரார்ட் இங்கிலாந்தில் சுவின்டன் நகரத்தில் செய்தது. இந்த மாதிரியில் பெல்ட் கிடையாது. மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு றப்பர் சில்லு நின்று, இரண்டையும் உரசித் தட்டைச் சுற்றுகிறது. பிளேயரை நிறுத்தாமல் சுவரில் கரண்டை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் அந்தச் சில்லு தண்டோடு அழுந்தியபடியே கிடக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் பள்ளம் விழும். என்னுடையதில் பள்ளம் பெரிதில்லை. ஆனால் உள்ளே போட்டிருந்த கிரீஸ் காய்ந்த பலாப்பால் போல இறுகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர், “புதுச் சாமான் ஒன்றும் வாங்காதையும். முதல் கழுவும், பிறகு பாப்பம்” என்றார். கழுவினேன். தண்டு இருக்கிற குழிக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. சில்லின் ஓரத்தை மெல்லிய சாண்ட் பேப்பரால் லேசாக உரசி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். தட்டு சுற்றியது.

சுற்றினால் காணாது, சரியான வேகத்தில் சுற்ற வேண்டும். இதற்கென்று ஒரு தாள் உண்டு. வட்டமாகக் கோடுகள் போட்டது. அதைத் தட்டின் மேல் வைத்து, மின்சாரத்தோடு சேர்ந்து சிமிட்டுகிற விளக்கின் கீழ் பார்த்தால், வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். நான் ஒரு தாளை அச்சடித்து வைத்துப் பார்த்தேன். கோடுகள் முன்னோக்கி ஓடின. தட்டு வேகமாகச் சுற்றுகிறது என்று முடிவுகட்டி இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். பிறகுதான் கோடுகளை எண்ணினேன்: 216. அது 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கான தாள். எங்களுடையது 50. விளக்கு நொடிக்கு நூறு தடவை, நிமிடத்துக்கு 6000 தடவை சிமிட்டும். அதை, எல்பி ரெக்கோட் ஒரு நிமிடத்துக்குச் சுற்றும் 33⅓ சுற்றால் பிரித்தால் 180 கோடு வர வேண்டும்.

சரி, 180 கோட்டுத் தாளை வைத்தேன். இப்போது கோடே தெரியவில்லை, ஒரே சாம்பல் வளையம். வீட்டில் இருப்பதெல்லாம் எல்ஈடி பல்ப். என் அறையில் உள்ளது சிமிட்டுவதே இல்லை. கடைசியில் கைகொடுத்தது எக்ஸ்டென்ஷன் வயரில் இருக்கிற சின்னச் சிவப்பு நியோன் விளக்கு. அறையை இருட்டாக்கி, அந்த வயரைத் தூக்கித் தட்டுக்கு மேல் பிடித்தால், மங்கலான சிவப்பில் கோடுகள் தெரிந்தன. மெல்லப் பின்னோக்கி நகர்ந்தன. அதாவது வேகமில்லை, மந்தம்! இன்னொரு தடவை கழுவி, எண்ணெய் விட்டு, அரை மணித்தியாலம் சும்மா ஓடவிட்ட பிறகு கோடுகள் நின்றன. இரவு பதினொரு மணிக்கு இருட்டில் எக்ஸ்டென்ஷன் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததை அம்மா கதவடியில் நின்று பார்த்திருக்கிறார்.

ஊசிக்கு ஓடியோ டெக்னிகா ஏடி3600எல் வாங்கினேன். விலை குறைந்தது, முரட்டுத்தனம் தாங்கும். ஊசி ரெக்கோட்டை அழுத்த வேண்டிய பாரம் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில், கிராமில். நகைக்கடைக்காரர் பாவிக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசைப் புறக்கோட்டையில் வாங்கி அளந்து மூன்றில் நிறுத்தினேன். பாட்டைப் போட்டால் ஊசி தவளை மாதிரித் துள்ளியது. காரணம் பிடிபட ஒரு கிழமை. தராசின் தட்டுக்குக் கீழே அதன் உடம்பில் இரும்பு, ஊசித் தலைக்குள் இருப்பது காந்தம். இரும்பு ஊசியை இழுக்க, தராசு கூடுதலாகக் காட்டியிருக்கிறது. நடுவில் ஒரு தடித்த றப்பர் துண்டை வைத்து, பூச்சியமாக்கி, மறுபடி அளந்தால் இரண்டு கிராம்கூட இல்லை. ஜனவரி நடுவில், அம்மாவுக்குப் பதில் கிடைத்தது: பாடும். பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சலும் சேர்ந்து பாடும். எர்த் வயர் ஒன்றைப் பூட்ட மறந்திருந்தேன்.

இனி ரெக்கோட்கள். முப்பத்திரண்டில் பத்தொன்பது எல்பி (பெரியது, பல பாட்டு), எட்டு ஈபி (சின்னது, சில பாட்டு), ஐந்து 78 (நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய தட்டு). எல்லாவற்றிலும் பூஞ்சணம். குளிர் நாட்டுக்காரர் கீறலுக்கும் தூசிக்கும் பயப்படுகிறார்கள். கொழும்பில், அதுவும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடென்றால், எதிரி ஈரக் காற்று. அட்டைக்குள் சாம்பல் நிறப் புள்ளிகள், தட்டில் சிலந்தி வலை போலக் கொடி. பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட், மெல்லிய துணி, ஊசி ஓடுகிற பள்ளக்கோடு போகிற திசையிலேயே துடைப்பு. எல்பிகளுக்கு இது நன்றாக வேலை செய்தது.

அந்த உசாரில் ஒரு 78ஐ எடுத்தேன். நாதஸ்வரத் தட்டு. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு இழுவை இழுத்தேன். துணி கறுப்பானது. அழுக்கு என்று நினைத்து இன்னொரு இழுவை. இன்னும் கறுப்பு. மூன்றாவதில்தான் உறைத்தது, நான் துடைப்பது அழுக்கை அல்ல, தட்டையே. 78 சுற்றுத் தட்டுகளில் வினைல் இல்லை, அரக்கும் கல்தூளும். ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும். மரச்சாமானுக்குப் பொலிஷ் பூசுகிற பாஸைக் கேட்டிருந்தால் ஒரு வசனத்தில் சொல்லியிருப்பார். விரலளவு அகலத்தில் ஒரு மழுங்கல் பட்டை, ராகத்துக்குக் குறுக்கே. அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

பைண்டர் கம் கதைக்கு வருகிறேன். தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசையை வினைல் ரெக்கோட் முழுக்கப் பூசி, காயவிட்டு, தோலாக உரித்தால் பள்ளக்கோட்டுக்குள் இருக்கிற அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். கேட்கப் பைத்தியக்காரத்தனம், ஆனால் சேகரிப்பாளர் பலர் உலகம் முழுக்கச் செய்கிற வேலை. ஒரு இரவு காய்ந்தால் போதும் என்றார்கள். நான் பூசியது மே மாதக் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட கிழமை. முதல் நாள் காலை பசை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாம் நாள் ஓரங்கள் மட்டும் கண்ணாடியானது. அவசரப்பட்டு உரித்தேன், நடுவில் கிழிந்து, மிச்சம் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டது. மேலே இன்னொரு தடித்த பூச்சுப் பூசி, ஃபேனைப் போட்டு, மூன்று நாள் பொறுத்தேன். இந்த முறை பாயில் காய்ந்த பனாட்டை உரிப்பது போல ஒரே துண்டாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாட்டின் கோடுகள் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தன. எறிய மனமில்லை, சுருட்டி வைத்திருக்கிறேன். (இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கும் நோய் முற்றிவிட்டது என்று விளங்குகிறது.) ஒன்று சொல்ல வேண்டும்: சாதாரணத் துடைப்பில் போகாத படபடச் சத்தம் இதில் பாதிக்கு மேல் போனது. ஆனால் ஒரு ரெக்கோட்டுக்கு ஒரு கிழமை என்பது எங்கள் காலநிலைக்குக் கட்டாது.

இந்த அலைச்சலில் மற்றப் பைத்தியங்களும் அறிமுகமானார்கள். ஒருவர் அட்டையைத் திறந்ததும் முதலில் மணந்து பார்ப்பார். ஒருவரிடம் இருநூறுக்கு மேல் இருக்கிறது, பிளேயர் இல்லை. இன்னொருவர் ஊசியை வைக்கும் முன் பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா பாணியில் அறிவிப்புச் செய்யாமல் விடமாட்டார். சூரியா, ஜெம்டோன் போன்ற உள்ளூர் லேபிள்களின் சிங்களப் பாட்டுகள் இப்போதும் அங்கங்கே கண்ணில் படுகின்றன. தமிழ்ப் பொப் பாட்டு, ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் என்று கேட்டால் எல்லாரும் பெருமூச்சுத்தான் விடுகிறார்கள். 83 கலவரத்துக்கு முன் கொழும்புத் தமிழ் வீடுகளில் இருந்தவை எங்கே போயின என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எனக்குத் தொற்றியது எண் வாசிக்கும் நோய். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். சரித்துப் பிடித்தால் அதில் கீறிய எழுத்துகள் தெரியும். இங்கிலாந்து ஈஎம்ஐ கம்பனியின் தட்டுகளில் அச்சு எத்தனையாவது என்பதை எண்ணாகப் போடாமல், ‘கிராமோஃப் எல்டிடி’ (GRAMOPH LTD) என்பதன் பத்து ஆங்கில எழுத்துகளை 1 முதல் 0 வரை வைத்துக் குறித்திருக்கிறார்கள். ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. ஆர்ஏ என்று கண்டால் 23ஆவது அச்சு. தமிழில் குறிப்பெடுத்தால் ஒரு சிக்கல், கடைசி இரண்டு எழுத்தும் ‘டி’தான், 9 எது 0 எது என்று தெரியாது. நான் முதலாவதற்கு ஒரு புள்ளி வைக்கிறேன். இப்போது ஒரே எல்பியில் என்னிடம் இரண்டு உண்டு, எழுத்து வேறு என்பதற்காக. “ரெண்டிலயும் ஒரே பாட்டுத்தானே?” என்கிறார் அம்மா. அவருக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை.

அம்மா விரும்பியது வேறொன்றை. ஒரு படத்தின் கதை வசன எல்பி. அட்டையில் ஒரு ஒலிபெருக்கிச் சேவையின் ஊதா முத்திரை, ஊர் பருத்தித்துறை, கீழே ‘இரவல் கேட்க வேண்டாம்’ என்று பேனாவால். ஒரு பக்கத்தில் நடுவிலுள்ள ஒரு வசனம் மட்டும் தேய்ந்து வெளிறியிருக்கிறது. சனம் கேட்டுக் கேட்டுத் திரும்பத் திரும்ப ஊசியை அங்கேயே வைத்திருக்க வேண்டும். அந்த இடம் வரும்போது சத்தம் மங்குகிறது, அம்மா தானே சொல்லி நிரப்புகிறார்.

அலுமாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கமராக்காரர் லென்ஸுக்குச் செய்வது போல உள்ளே ஒரு சின்னப் பல்பை எரியவிட்டேன். பூஞ்சணம் வரவில்லை. பல்புக்குப் பக்கத்தில் இருந்த ஈபி அப்பம் மாதிரிக் குழிந்துவிட்டது. இப்போது பல்ப் இல்லை, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்தான். சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சேர்க்கிறேன். ஞாயிறு தோறும் கதவைத் திறந்து ஒரு மணித்தியாலம் ஃபேன். ரெக்கோட் ஐம்பத்தேழாகிவிட்டது, துடைத்து முடித்தது நாற்பத்தொன்று. கீழ்த்தட்டில் இரண்டில் மறுபடி புள்ளி தெரிகிறது.

அந்த நாதஸ்வரத் தட்டின் மறுபக்கத்தில் ஸ்பிரிட் படவில்லை. சவர்க்காரத் தண்ணீரால் மட்டும், லேபிள் நனையாமல் துடைத்து வைத்திருக்கிறேன். 78இன் பள்ளக்கோடு அகலம், எல்பி ஊசி அதன் அடியில் தொட்டு உரசும். அகன்ற ஊசி ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வந்ததும் போட்டுப் பார்க்க வேண்டும்.