விண்ட் கேப்புக்கு 70 டாலர்

முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனம் ஆறும். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரிலிருந்து விண்ட் கேப் என்ற மலை இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர். ஏறும்போது 45 டாலர் என்றார், இறங்கும்போது 70 கேட்டார். மலைப்பாதை வரை வந்ததற்குக் கூடுதலாம்! திரும்பிவர வேறு வண்டி கிடைக்காதே என்று கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய 6000 ரூபாய். போகிறவர்கள் தொகையை முன்கூட்டியே பேசி, போனில் எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள்.

இவ்வளவும் யூஜின் பிங்காம் என்ற வேதியியலாளருக்காக. நான் பெயிண்ட் லேபில் வேலை செய்கிறேன். பிரஷ்ஷால் இழுத்தால் பெயிண்ட் ஓட வேண்டும், பிரஷ்ஷை எடுத்ததும் வழியாமல் சுவரில் நிற்க வேண்டும். எங்கள் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். தண்ணீரும் எண்ணெயும் லேசாகச் சாய்த்தாலே ஓடும். பெயிண்டும் டூத்பேஸ்ட்டும் அப்படியில்லை. ஓரளவு அழுத்தும்வரை அசையாது, அதைத் தாண்டினால்தான் நகரும். 1916-ல் இதைக் கணக்காக எழுதிவைத்தவர் பிங்காம். 1919-ல் ஹென்றி கிரீனோடு சேர்ந்து, பெயிண்ட் வெறும் பாகுத் திரவம் அல்ல என்று தனிக் கட்டுரையே எழுதினார்.

பஸ், தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நியூயார்க் பஸ் ஒரு மணி நேரம் தாமதம், ஏசியில் கை விறைத்துவிட்டது. பஸ்ஸைப் பற்றி அது போதும். அப்புறம் சனிக்கிழமை காலை ஊர் நடுச் சதுக்கத்துச் சந்தையில் சூடான முட்டை சாண்ட்விச் சாப்பிட்டேன். 9 டாலர், ஒவ்வொரு காசுக்கும் தகும். தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன், வரவில்லை. அடியில் ஒரு தட்டு தட்டியதும் குபுக்கென்று கொட்டியது. பிங்காம் ஊரில் அதைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அங்கிருந்து மூச்சு வாங்கக் குன்றேறினால் லாஃபயெட் கல்லூரி. பிங்காம் பாடம் நடத்திய இடம். 1928-ல் பாலஸ்தீனத்திலிருந்து மார்கஸ் ரெய்னர் என்ற சிவில் இன்ஜினியர் இங்கே வந்து அவரோடு வேலை செய்தார். பொருள்கள் எப்படி ஓடுகின்றன, உருமாறுகின்றன என்று ஆராய, இருவர் துறைக்கும் பொதுவாக ஒரு தனி இயல் வேண்டும் என்றார் பிங்காம். அதுதான் ஏற்கெனவே இயக்கவியலில் இருக்கிறதே என்றார் ரெய்னர். அந்தப் பெயரைக் கேட்டால் வேதியியல்காரர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று மறுத்துவிட்டு, செம்மொழிப் பேராசிரியரைக் கேட்டு, ஓட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ரியாலஜி' என்று பெயர் வைத்தார் பிங்காம். 1929-ல் அதற்கென ஒரு சங்கமே உருவானது. நான் தினமும் உச்சரிக்கும் சொல் இந்தக் குன்றில் பிறந்திருக்கிறது!

சரி, விண்ட் கேப் எதற்கு? பிங்காம் மலை நடையிலும் விடாப்பிடியானவர். 1926-ல் புளூ மவுண்டன் கிளப்பைத் தொடங்கியவர்களுக்கு அவர்தான் தலைமை. அமெரிக்கக் கிழக்கு மலைகள் நெடுகப் போகும் அப்பலாச்சியன் நடைபாதையின் இந்தப் பகுதிக்கு வழி அமைத்தது அந்த கிளப்தான். விண்ட் கேப்பே ஒரு காலத்தில் நதி அறுத்த இடைவெளி. நதி வேறு பக்கம் திரும்பிவிட, இப்போது காற்று மட்டும் போகிறது.

பாதை முழுக்கக் கூர்ங்கற்கள், சாதாரண ஷூவில் போகவே போகாதீர்கள். இரண்டு கிலோமீட்டரில் கால் கெஞ்சியது. வழிகாட்ட மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள், ஆறு அங்குல நீளம்தான். சொரசொரப்பான மரப்பட்டைமேல் அடித்த பெயிண்ட், விளிம்பில் ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.