பாலிதீனுக்கு ஒரே எண் கிடையாது

வாயு ஊடுருவல் சோதனைக்கு வரும் பாலிதீன் பிலிமோடு பிசினின் (மூலப் பிளாஸ்டிக்கின்) பெயரும் பிலிமின் தடிமனும் எழுதிய சீட்டு மட்டும்தான் வரும். அது போதவே போதாது. உருக்கி அழுத்தியதும் ஐஸ் தண்ணீரில் போட்டார்களா, அச்சிலேயே ஆறவிட்டார்களா என்று கேட்டாக வேண்டும். மெதுவாக ஆறிய பிலிமில் படிகம், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய பகுதி, கூடுதல். படிகத்துக்குள் வாயு கரைவதும் இல்லை, நுழைவதும் இல்லை. படிகத் தகடுகளுக்கு நடுவே சங்கிலிகள் தாறுமாறாகக் கிடக்கும் பகுதிதான் அதற்கு வழி.

அடர்த்தியை அளந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். படிகம் 1.00, படிகமற்ற பகுதி 0.855 கிராம்/க.செ.மீ. பிலிம் 0.92 என்றால் கன அளவில் சுமார் 45 சதவீதம் படிகம், 0.96 என்றால் 72. வாயு கரையும் அளவு, மிஞ்சிய படிகமற்ற பகுதிக்கு நேர்விகிதத்தில் குறைகிறது. வாயு பிலிமுக்குள் பரவும் விரவல் வேகம் அதைவிடவும் குறையும்: தகடுகளைச் சுற்றிப் போகும் பாதை நீள்கிறது, தகடுகளில் மாட்டிக்கொண்ட சங்கிலிகளின் அசைவும் இறுகுகிறது. மைக்கேல்ஸ், பிக்ஸ்லர் என்ற ஆய்வாளர்கள் 1961-இல் பாதை நீள்வதையும் சங்கிலி இறுகுவதையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்கள். பாலிமெத்தில்பென்டீன் என்ற வேறொரு பிளாஸ்டிக் இதற்கு விலக்கு. அதன் படிகமே தளர்வானது, வாயுவுக்கு வழிவிடும்.

சோதனையில் பிலிமை மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பொருத்தி, இரு பக்கமும் வேக்குவம் போட்டு, இரவு முழுக்கப் பம்ப் ஓட வேண்டும். பிறகு கீழறை வால்வை மூடி, வாயு விடாமலே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து, அந்தக் கசிவைக் கடைசியில் கழிக்க வேண்டும். மேலறையில் ஆக்ஸிஜன் விட்டதும் கீழே அழுத்தம் உடனே ஏறாது. சற்றுப் பொறுத்து வளைந்து, பிறகுதான் நேர்கோடாகும். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நேர அச்சை வெட்டும் இடம்தான் தாமத நேரம். தடிமனின் வர்க்கத்தைத் தாமத நேரத்தின் ஆறு மடங்கால் வகுத்தால், விரவல் வேகத்தைச் சொல்லும் விரவல் கெழு. 100 மைக்ரான் எல்டிபிஇ-யில் (அடர்த்தி குறைந்த பாலிதீனில்), 25 டிகிரியில், தாமத நேரம் சுமார் 36 விநாடி. 25 மைக்ரானில் இரண்டே விநாடிதான், வால்வைத் திறக்கவே அவ்வளவு ஆகிவிடும். அந்த எண்ணை நம்பக்கூடாது. தடிமனில் 5 சதவீதம் தவறினால் கெழுவில் 10 சதவீதம் தவறும், அதனால் மைக்ரோமீட்டரைப் பத்து இடத்திலாவது வைத்துப் பார்ப்பது நல்லது.

தாமதமே இல்லாமல் அழுத்தம் ஏறினால் பிலிமில் ஊசித்துளையையோ அறையை அடைக்கும் ஓ-ரிங் வளையத்தையோ சந்தேகிக்கலாம். நைட்ரஜனிலும் ஓட்டிப் பாருங்கள். நல்ல பாலிதீனில் ஆக்ஸிஜன் அதைப்போல மூன்று மடங்கு ஊடுருவும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் துளைதான்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்டிபிஇ பிலிமை 80 டிகிரிக்குச் சூடேற்றினால் சின்னப் படிகங்கள் உருகித் தடித்து மறுபடி உறையும். எனவே 25-இல் தொடங்கி மேலே போங்கள், கடைசியில் 25-க்கே இறங்கி ஒருமுறை அளந்துவிடுங்கள். முதல் எண் திரும்பவில்லை என்றால், நடுவில் எடுத்த அளவுகளெல்லாம் வேறு வேறு பிலிம்களுடையவை.