இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில்: ஒரு பிரிஜ் மெக்கானிக்கின் நாட்குறிப்பு

2021 ஜூலை 9, வெள்ளி, ஆரையம்பதி, மட்டக்களப்பு

விடிய முன்னமே போன் அடித்தது. வாவிக்கு அக்கரை, படுவான்கரைப் பக்கம் ஒரு சுகாதார அலுவலகம். தடுப்பூசி வைக்கிற வக்சின் பிரிஜ் இரவு முழுக்க முனகுகிறது, குளிர் மட்டும் ஏறவில்லை என்று ஸ்டோர் கீப்பர் சொன்னார். "மாஸ்டர் எத்தினை மணிக்கு வருவார்?" என்று கேட்டார். நான்தான் வருவேன் என்றேன். "இல்ல தங்கச்சி, வேலை செய்யிற ஆளைக் கேக்கிறன்" என்றார். நான்தான் அந்த ஆள் என்று திரும்பச் சொல்லிவிட்டு, கேஸ் சிலிண்டரையும் டூல்ஸ் பையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு (மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன்) மண்முனைப் பாலத்தால் போய்ச் சேர்ந்தேன்.

போனபோது பெட்டிக்குள் ஒரு குப்பிகூட இல்லை. அங்கே வேலை செய்கிற மிட்வைஃப் அக்கா எனக்கு முன்னமே வந்து எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டிகளுக்கு மாற்றியிருந்தா. இது சும்மா அள்ளிப் போடுகிற வேலை இல்லை. பிரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பொதியை அப்படியே ஊசி மருந்தோடு சேர்த்து வைக்கக் கூடாது, வெளியே கொஞ்ச நேரம் வைத்து, குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும். சினோபார்ம் என்ற கொவிட் தடுப்பூசியில் அலுமினியம் உப்புச் சேர்ந்திருக்கிறது, உறைந்தால் அது திரண்டு மருந்து பழுதாகிவிடும். சனம் வெயிலுக்குத்தான் பயப்படுகிறது, ஆனால் 8 பாகைக்கு மேலே போவதைப் போலவே 0 வுக்குக் கீழே போவதும் கேடுதான். 2 இல் இருந்து 8 வரை, அந்த இடைவெளிக்குள் நிற்க வேண்டும், பகலும் இரவும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பின்மூடியைக் கழற்றினேன். கொம்பிரசர் எழும்பப் பார்க்கிறது, இரண்டு மூன்று செக்கன் உறுமல், பிறகு "டிக்", கரண்ட் கூடினால் நிற்பாட்டுகிற ஓவர்லோட் வெட்டிவிடுகிறது. மீற்றரை வைத்து மூன்று முனைகளையும் சோதித்தேன், கணக்குச் சரியாக வந்தது, வெளிக்கூட்டுக்குக் கரண்ட் லீக்கும் இல்லை. கொம்பிரசர் நல்லது. கொம்பிரசரை எழுப்பிவிடுகிற ரிலேயைக் கழற்றினால் உள்ளே பல்லி ஒன்று கருகிக் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது, தொடுமுனைகள் கரியாகிவிட்டன. ரிலே, ஓவர்லோட் இரண்டையும் மாற்றி, ஓட விட்டு, அம்பியர் பார்த்து, பல்லி இனிப் போகாதபடி ஓட்டையையும் அடைத்தேன். பெரிய பெட்டி, சுற்றிவர ஐஸ் பொதி உள்ளது, ஆறுதலாகத்தான் குளிரும். தெர்மோமீற்றர் 8 க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா என்று பார்க்கப் பின்னேரம் வரை இருந்தோம். மிட்வைஃப் அக்கா பாதிச் சோற்றுப் பார்சலை எனக்குத் தந்தா.

புறப்படும்போது பதிவுப் புத்தகத்தில் திருத்தியவர் பெயர் என்ற இடத்தில் ஸ்டோர் கீப்பர் என் அப்பாவின் பெயரை எழுதினார், கடை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. என் பெயரை எழுதச் சொன்னேன். "கடை பேர்தானே, எல்லாம் ஒண்டுதான்" என்றார். ஒன்றில்லை. அப்பா 2019 இல் இறந்துவிட்டார். இல்லாத மனிதரின் பெயரில் இன்றைய வேலை பதிவாகியிருக்கிறது.

2021 ஜூலை 18, ஞாயிறு

இன்று பெரிய வேலை இல்லை. இரண்டு வீட்டு பிரிஜ்தான், ஒன்றுக்குக் கதவு றப்பர், மற்றதுக்கு கேஸ் அடித்தது.

நான் இங்கே போட்ட போன பதிவைப் படித்த ஒருவர், பெண்கள் எல்லா இடத்திலும் வந்துவிட்டார்களே, இன்னும் ஏன் இந்தக் கதை என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. போன வருடம் முதல் ஊரடங்கு நேரம் எங்கள் மாவட்டத்தின் அரசாங்க அதிபர் கலாமதி பத்மராஜா, ஒரு பெண். சுகாதார வைத்திய அதிகாரிகளிலும் பெண்கள் நிறையப் பேர். கொரோனாவின் எந்தத் திரிபு பரவுகிறது என்று வைரஸின் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகக் குழுவில் பேராசிரியர் நீலிகா மலவிகே இருக்கிறார். இதெல்லாம் எனக்கும் பெருமைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் பார்க்கிற உலகம் வேறு. கதிரையில் ஒரு பெண் இருந்தால் சனம் எழும்பி நிற்கப் பழகிவிட்டது, படித்து வந்தவ என்று மரியாதை கொடுக்கிறது. அதே பெண் கையில் ஸ்பனரோடு வாசலில் வந்து நின்றால் "ஆரோட வந்த நீங்க?" என்றுதான் கேட்கிறது. வயரிங், குழாய், வெல்டிங், லொறி ஓட்டம், பிரிஜ் வேலை, இதெல்லாம் ஆம்பிளைகளின் கைவேலை என்று பிரித்து வைத்தாயிற்று. நான் தொழிற்பயிற்சி படித்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பாடம் கஷ்டமாக இருக்கவில்லை. கஷ்டம், பெண்கள் கழிவறை பக்கத்துக் கட்டடத்தில், அதுவும் பூட்டியே கிடக்கும், திறப்பு யாரிடம் என்று தேடித் திரிவது. எத்தனை பிள்ளைகள் இப்படியான ஒரு பூட்டுக்காகவே படிப்பை விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

2021 ஓகஸ்ட் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒரு கொவிட் வார்டில் தாதி. இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் விடுதியில் இருந்து பேசினாள், வீட்டில் சின்னப் பிள்ளையும் வயதுபோன மாமியும் இருக்கிறார்கள். முழு உடல் கவச உடுப்பு அவளுக்கு இரண்டு சைஸ் பெரிது. கையை மடித்து டேப் ஒட்டி, இடுப்பிலும் டேப் ஒட்டித்தான் நிற்கிறாள். மாஸ்க் கன்னத்தில் சரியாகப் படியாமல் ஓரத்தால் மூச்சுப் போகிறது. போட்டுவிட்டால் மணித்தியாலக் கணக்கில் கழற்ற முடியாது, அதனால் வேலைக்குப் போக முன்னம் தண்ணீரே குடிப்பதில்லை. மாதவிடாய் நாளில் என்ன பாடு என்று அவள் சொன்னதை இங்கே முழுதாக எழுதவில்லை, படிக்கிற பெண்களுக்கு நான் எழுதாமலே விளங்கும்.

எனக்கும் அதே கதைதான், வேலைக் கையுறை என் விரலுக்குப் பெரிது, அதைப் போட்டுக்கொண்டு சின்ன ஸ்குரூ ஒன்றைப் பிடிக்க ஏலாது. இந்த வேலை செய்கிற பெண்கள் கொஞ்சப் பேர்தான் என்று கையுறை செய்கிற கம்பனிக்காரன் ஒரு சாட்டுச் சொல்லலாம். ஆனால் தாதிகளுக்கு அந்தச் சாட்டும் இல்லை. உலகத்தில் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவர்களில் 70 வீதம் பெண்கள், உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன கணக்கு. தலைமைப் பதவிகளிலோ 25 வீதம்தான். அந்த 70 வீதமும் போடுகிற உடுப்பை ஆணின் உடம்பை அளந்து வெட்டுகிறார்கள் என்றால், அளவு நாடா பிடிக்கிற இடத்தில் பெண் இல்லை என்றுதானே அர்த்தம்?

2021 ஓகஸ்ட் 21, சனி

நேற்று இரவு 10 மணியோடு நாடு முழுக்க மூடிவிட்டார்கள். காலையில் மீண்டும் அழைப்பு, இந்தமுறை வேறொரு கிளினிக். வேலைக்குப் போக அனுமதிக் கடிதம் என் பெயரில் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, சைக்கிளின் பின்னால் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. வழியில் சோதனைச் சாவடியில் மறித்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு என் பின்னால் வீதியைப் பார்த்தார். மெக்கானிக் பின்னால் வருகிறாரா என்று கேட்டார். தெரிந்த சிங்களத்தில் சொன்னேன், நான்தான் என்று. பையைத் திறக்கச் சொன்னார். மீற்றர், கேஜ், பைப் வெட்டி, பித்தளைக் கம்பி, வக்கூம் பம்ப். ஒவ்வொன்றாக எது என்னத்துக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியிலேயே போகச் சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் வேலைக்குப் போகிற ஒவ்வொரு வாசலிலும் இந்தப் பரீட்சையை எழுத வேண்டியிருக்கிறது, என்னோடு படித்த பெடியன்கள் யாருக்கும் இல்லை.

கல்லடிப் பக்கம் கடற்காற்றில் உப்பு. சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் குழாய் ஊசித்துளை அளவுக்கு அரித்து கேஸ் போயிருந்தது. சவர்க்கார நுரை பூசிப் பார்த்துத்தான் இடத்தைப் பிடித்தேன். அடைத்து, வக்கூம் இழுத்து (உள்ளே நின்ற காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றினேன். இந்த வேலையில் அவசரம் கூடாது. வக்கூம் சரியாக இழுக்காமல் கேஸ் அடித்தால் ஈரம் உள்ளே நின்று சின்னக் குழாயில் ஐஸ் கட்டும், ஒரு கிழமையில் பெட்டி மறுபடி படுத்துவிடும்.

2021 ஓகஸ்ட் 29, ஞாயிறு

நாட்டில் ஒரு நாள் கொவிட் மரணம் 200 ஐத் தாண்டிவிட்டது. எங்கள் பெரியம்மாவும் போய்விட்டா. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

நித்திரை இல்லாமல் போனில் படித்துக்கொண்டிருந்ததில் ஜூன் அல்மெய்டா பற்றி வந்தது. 1930 இல் கிளாஸ்கோவில் ஒரு பஸ் சாரதியின் மகளாகப் பிறந்தவர். 16 வயதோடு பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது, பல்கலைக்கழகம் போகக் காசில்லை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்தார். பிறகு கனடா போய் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைரஸ் பார்க்கிற வேலையில் கைதேர்ந்தார். வைரஸோடு அதற்கான பிறபொருளெதிரியைச் சேர்த்தால் வைரஸ்கள் ஒன்றாகத் திரண்டு தெளிவாகத் தெரியும், அந்த முறையை நன்றாக வளர்த்தெடுத்தவர் அவர். 1964 இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தடிமன் பிடித்தவர்களிடம் எடுத்த ஒரு வைரஸை டேவிட் டைரல் என்ற ஆய்வாளர் அனுப்ப, மனிதருக்கு வருகிற கொரோனா வைரஸை முதன்முதலாகப் படம் பிடித்தார். அதற்கு முன்னமே விலங்குகளில் இதே மாதிரி வைரஸைக் கண்டு அவர் எழுதிய கட்டுரையை, இது இன்ஃபுளுவென்சா வைரஸின் மோசமான படம் என்று திருப்பி அனுப்பினார்களாம். இன்று ரீவியில் முள்முள்ளாக உருண்டையாகக் காட்டுகிறார்களே, அதைப் போன்ற ஒன்றை மனிதரில் முதலில் கண்ட கண் ஒரு டெக்னீசியனாகத் தொடங்கிய பெண்ணின் கண்.

எனக்கு இது பெரிய ஆறுதல். பட்டம் பெற்ற விஞ்ஞானிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். மெசினைத் தொட்டு, அதன் குணம் அறிந்து, அதில் இருந்து அறிவைக் கறந்த ஒரு பெண் இருந்தார் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

2021 செப்டெம்பர் 12, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊசி போடும் நாள். வெளியே மரத்தடியில் கதிரை போட்டு இருநூறு முந்நூறு சனம். குளிர்ப்பெட்டிகளைக் கவனிக்க என்னையும் நிற்கச் சொன்னார்கள். எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. மிட்வைஃப் அக்கா அன்றைக்கு மாதிரியே அமைதியாக ஐஸ் பொதியை மாற்றி, தெர்மோமீற்றரைப் பார்த்து எழுதி, ஒரு குப்பி முடிந்த பிறகே அடுத்ததை எடுக்கச் சொல்லி, மூடியைத் தேவையில்லாமல் திறந்த ஒரு பெடியனைப் பார்வையாலேயே நிறுத்தினா. நான் ஜெனரேற்றரை இழுத்து வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். கூட்டத்தில் இருந்த ஒரு மாமி, "என்னகா, நீயா இதைப் பூட்டினாய்?" என்று கிட்டவந்து பார்த்தா. மறுகா தன் பேத்தியைக் கூட்டிவந்து காட்டினா. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி, கரண்ட் பட்டால் செத்துப் போவீங்களா என்று. எர்த் என்றால் என்ன, மெயின் சுவிட்சை ஏன் முதலில் நிற்பாட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டது.

ஃபைசர் எங்கள் பக்கம் வருமா என்று ஒரு டொக்டர் பேசிக்கொண்டிருந்தார். அது ஜூலையிலேயே நாட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் மறை 70 பாகை அளவில் வைக்க வேண்டும், உருகினால் எங்கள் 2 முதல் 8 பெட்டியில் ஒரு மாதம்தான். அந்த மருந்துக்கு அடி போட்டவர்களில் ஒருவர் கட்டலின் கரிக்கோ. எம்.ஆர்.என்.ஏ. (எந்தப் புரதத்தைச் செய்வது என்று உடம்பின் கலங்களுக்குச் சொல்லும் செய்தி) தான் வழி என்று பிடிவாதமாக நின்றதற்கு 1995 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். அப்படி ஒருத்தி கண்டுபிடித்ததை இன்னொருத்தி ஐஸ் பெட்டியில் காவிக்கொண்டு வாய்க்கால் வரம்பால் போய்ச் சேர்ப்பா, நடுவில் மெசின் நின்றால் என்னைப் போல ஒருத்தி. இந்த வரிசையில் யாராவது ஒரு ஆள் இல்லாவிட்டாலும் ஊசி கைக்கு வராது.

2021 ஒக்டோபர் 2, சனி

நேற்று அதிகாலை 4 மணியோடு முடக்கம் எடுத்தாயிற்று. வீதியில் சத்தம் திரும்பிவிட்டது.

ஒரு அலுவலகத்தில் நன்றி சொல்லும் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எங்களைத் தாயுள்ளம், தியாகம், தெய்வம் என்றார்கள். கைதட்டினார்கள், சான்றிதழ் தந்தார்கள். மனதார வாங்கிக்கொண்டேன், ஆனால் ஜூலையில் இருந்து கொடுத்த பில் எதற்கும் அதே அலுவலகம் இன்னும் காசு தரவில்லை. ரிலே, கேஸ், ஸ்டெபிலைசர், பெற்றோல், எல்லாம் என் கைக்காசு. பில் அப்பாவின் பெயரில் பதிவான வேலைக்கு என்பதால் மரணச் சான்றிதழும் வேறு பத்திரங்களும் வேண்டுமாம். அன்றைக்கே என் பெயரை எழுதச் சொன்னது இதற்காகவும்தான். மிட்வைஃப் அக்காவுக்கு மேலதிக நேரக் காசும் நிலுவை. எங்களுக்கு உள்ளம் நல்லதுதான், அதைவிட முக்கியம் எங்களுக்கு வேலை தெரியும், அதற்குக் கூலி உண்டு.

பதிவைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மிட்வைஃப் அக்கா சாட்சியாகக் கையெழுத்து வைத்தா. கடையின் பதிவையும் பிரதேச செயலகத்தில் என் பெயருக்கு மாற்றப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. எனக்குக் கையாளாக ஒரு பிள்ளை வேண்டும், பெண்பிள்ளை. சாதாரண தரம் எழுதியிருந்தால் போதும். கணிதம் வராது என்று பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் மீற்றரைப் பழக்குவது என் பொறுப்பு. மூடின சப்பாத்து வேண்டும், வெல்டிங் நெருப்பு தெறிக்கும். சம்பளம் முதல் மாதத்தில் இருந்தே உண்டு. தூரத்து வேலைக்கு நானே ஏற்றிக்கொண்டு போவேன், வீட்டில் வந்து பேசச் சொன்னாலும் வந்து பேசுவேன். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் பக்கம் யாராவது இருந்தால் இங்கே கீழே எழுதுங்கள், திங்கட்கிழமை வாகரைக்குப் போய் வந்தவுடன் பதில் போடுகிறேன்.