மணி என்ன, அப்பாயி?

கொழும்பில் ராத்திரி முழிப்பு வந்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது, மணி பார்க்க. எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர், கையில் கடிகாரம் கட்டியதே இல்லை. ஆனால் எந்தச் சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடுவார்.

எல்லாம் மூக்குதான். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலத்துக்குள் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபாக்டரிக்குப் போய்விடும், அங்கே அதைப் பரப்பிவைத்துக் கீழிருந்து ஃபேன் காற்று விட்டு 12 மணி நேரமோ அதற்கு மேலேயோ வாட்டுவார்கள், ராத்திரி முழுக்க நடக்கிற வேலை அது. முதலில் வெட்டின புல் மாதிரிப் பச்சை வாசம் வரும். நேரம் போகப் போக அது இனிப்பாக மாறும், பூவா பழமா என்று சொல்லத் தெரியாத வாசம். அப்புறம் வாடின கொழுந்தை அரைக்கிற மெஷின், ரோதை என்போம், கிளம்பும். "இன்னும் ரோதை சத்தம் கேக்கல, படு" என்பார், அவ்வளவுதான், நான் படுத்துவிடுவேன். (அந்த ரோதைக்கே ஒரு சாமி உண்டு எங்களுக்கு, ரோதைமுனி.)

எங்கள் பக்கம் வருடத்தின் மிக நீண்ட ராத்திரிக்கும் மிகக் குறைந்த ராத்திரிக்கும் ஏறக்குறைய 50 நிமிடம்தான் வித்தியாசம். பஞ்சாங்கத்துக்கு அது சரி. எங்கள் லயம் பள்ளத்தில், மேற்கே மலை, நாலரைக்கெல்லாம் வெயில் போய்விடும்.

குளிருக்கு அப்பாயியிடம் இன்னொரு கணக்கு இருந்தது. மேகம் மூடியிருந்தால் ஒரு கம்பளி, நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் இரண்டு. மேகம் இல்லாவிட்டால் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது, குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் அப்படிப்பட்ட ராத்திரிகளில்தான் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அதிலும் நடுச்சாமத்தைவிட விடியும் நேரம்தான் மோசம், சரியாக அப்போதுதான் பிரட்டுக்கு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்கு, கிளம்ப வேண்டும்.

போன ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். ஸ்டோரு மூடிக்கிடக்கிறது, கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. ராத்திரி முழித்துக்கொண்டு மூக்கை எவ்வளவு இழுத்தும் விறகுப் புகை வாசம் மட்டும்தான், எத்தனை மணி என்று ஊகிக்கவே முடியவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வானம் பூராவும் நட்சத்திரம். பேசாமல் உள்ளே வந்து இன்னொரு கம்பளியை உருவினேன்.