கட்லாக்கள் செத்த குட்டையில் விடியற்காலை அளவீடு

சென்ற சித்திரையில் எங்கள் பண்ணைக்குட்டையில் ஒரே இரவில் 23 கட்லா மீன்கள் செத்து மிதந்தன. எல்லாமே முக்கால் கிலோவுக்கு மேற்பட்டவை. அதே நீரில் கிடந்த விரல் நீளக் குஞ்சுகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வயலில் தெளித்த மருந்து வழிந்து வந்திருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். நஞ்சாக இருந்தால் குஞ்சுகள் தப்பியிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

அடுத்த சந்தேகம் வெயில்மேல் விழுந்தது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் அது 7-க்குச் சற்றுக் கீழே இறங்கும். அந்தக் குறைவு மட்டுமே கட்லாவைக் கொன்றுவிடாது. எனவே நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். புட்டியில் பிடித்த நீரில் இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் வண்டல் படியும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாகவும், இல்லாவிட்டால் வெள்ளையாகவும் இருக்கும். பிற்பகல் 2 மணிக்கு எடுத்த நீரில் காப்பித்தூள் நிறத்தில் கெட்டியாகப் படிந்தது. அளவு 12 மில்லிகிராம். மூன்று நாளும் அப்படியே இருந்ததால் குட்டையில் குறை ஏதுமில்லை என்று நம்பிவிட்டேன். நான்காம் நாள் விடியற்காலை 4 மணிக்கு டார்ச் விளக்கோடு போனபோது, மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த நீரில் படிந்த வண்டல் ஏறக்குறைய வெள்ளை.

பகலில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்த பாசியே இரவில் அதை உறிஞ்சுகிறது. வாரந்தோறும் நான் கரைத்து ஊற்றிய சாணத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகளும் அதில் பங்கு கேட்கின்றன. 5 அடி நீர் கோடையில் 3 அடியாக வற்றியதால், இரவு முழுவதற்கும் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்க இடமில்லாமல் போயிற்று. கயிற்றில் கட்டி இறக்கிய வெள்ளைத் தட்டு 12 சென்டிமீட்டரிலேயே கண்ணுக்கு மறைந்தது. நீர் அவ்வளவு பச்சை.

சாணத்தை நிறுத்தினேன், தீவனத்தைப் பாதியாக்கி, வெயில் ஏறிய பிறகே போட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் முனை அமிழும்படி விட்டதில் பயன் எதுவும் தெரியவில்லை, ஏனெனில் நிலத்தடி நீரிலேயே ஆக்சிஜன் குறைவு. குழாயை உயர்த்தி, நீர் கருங்கல் பலகையில் விழுந்து சிதறும்படி அதிகாலை 2 முதல் 6 மணி வரை ஓடவிட்ட பிறகு, 4 மணிக்கு எடுத்த நீரில் ஆக்சிஜன் அளவு 3.4 மில்லிகிராமைத் தொட்டது. இருந்தும், மாலையில் கோடைமழை பெய்து அடிநீர் மேலே கலங்கும் நாட்களில் மீன்கள் இன்னும் வாய் பிளக்கின்றன. அன்றைக்கு மட்டும் இரவு 10 மணிக்கே மோட்டாரைப் போட்டுவிடுகிறேன்.